குழு இருக்கட்டும், கணக்கு?

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களைப் ‘பாடு’ முறைப்படி பங்கிட்டுக்கொள்ளும் மீனவர்க்குத் தெரியும்: பங்கீடு பிழைத்தால் பிழைப்புக் கெடும்! குடியரசுத் தலைவர் தேர்தலிலோ அவர்க்கு வாக்கில்லை. பொன்னேரிச் சட்டமன்ற உறுப்பினரே வாக்களிக்கிறார். ‘வாக்காளர் குழு எதற்கு? மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டுமே!’ என்போர் உளர். அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டியவருக்கு நேரடி வாக்குப் பலம் தந்தால், நாளை அவரே ஆள முற்படாரா? குழு இருக்கட்டும் என்கிறோம்.

ஆனால், அதன் கணக்கு? 1971 மக்கள்தொகையின்படி, 2022 தேர்தலில் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176, உத்தரப்பிரதேசத்தில் 208. 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியானதும் இவ்வளவுகோல் மாறும் என்கிறது அரசியல் சட்டம். குடும்பநலத் திட்டத்தை ஏற்ற மாநிலத்தின் பங்கு குறைவதா? கட்டுப்பட்டவனுக்குத் தண்டனை, இது எந்த ஊர் நீதி? 1971 அளவு நிலைக்கச் சட்டத்தைத் திருத்துக! இளைஞர்களே, ஊர்தோறும் இதைக் கேளுங்கள்!