காலி நாற்காலியில் யார்?

'மேக்பெத்' நாடகத்தில் பயமுறுத்துவது சூனியக்காரிகள்தான் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துப் பயமே வரவில்லை. பயம் வந்தது ஒரு விருந்தில்.

மன்னன் டங்கனின் கொலை இரண்டாம் அங்கத்திலேயே முடிந்துவிடுகிறது, அதுவும் மேடைக்கு வெளியே. கொன்றது யார் என்று நமக்குத் தெரியும். அப்புறம் எதற்காகக் காத்திருக்கிறோம்? மாட்டிக்கொள்வானா என்பதற்காக மட்டும் இல்லை. உள்ளே அமுக்கி வைத்தது எப்போது வெளியே வரும் என்பதற்காக. கொலை முடிந்த கையோடு கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். மன்னனைக் காலையில் எழுப்ப வந்தவர்கள்தான். ஆனால் மேக்பெத்துக்கு இனி எந்தச் சத்தமும் வெறும் சத்தம் இல்லை.

மூன்றாம் அங்கத்தில் அந்த விருந்து. நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு, அவன் வரவில்லையே என்று எல்லோர் முன்னாலும் வருத்தப்படுகிறான் மேக்பெத். உட்காரப் போனால் இடமில்லை. மற்றவர்களோ காலி இடத்தைக் காட்டி உட்காரச் சொல்கிறார்கள். அவன் கண்ணுக்கு மட்டும் அங்கே ரத்தத் தலையோடு பாங்க்வோ.

1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன், ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததாகக் குறித்துவைத்திருக்கிறார். பின்னால் வந்த இயக்குநர்கள் சிலர் நாற்காலியைக் காலியாகவே விட்டார்கள். நான் காலி நாற்காலியின் கட்சி. ஆவியைக் காட்டினால் நாமும் மேக்பெத்தோடு சேர்ந்து பயப்படுகிறோம். காட்டாவிட்டால் விருந்தினரோடு உட்கார்ந்து அவனைப் பார்க்கிறோம். அடுத்து எதை உளறப் போகிறானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பம்மல் சம்பந்த முதலியார் இதை 'மகபதி' என்று தமிழுக்குத் தழுவினார். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த 'மர்மயோகி'யிலும் (1951) இதன் சாயல் உண்டு. மன்னனைக் கொன்றுவிட்டதாக நம்பி அரியணை ஏறும் ஊர்வசியை அவன் ஆவி துரத்துகிறது. பேய்க்காக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம். ஆனால் அது ஆவியே இல்லை, மன்னன் சாகவே இல்லை. அங்கேதான் எனக்கு நெருடுகிறது. ஆவி வெளியிலிருந்து வரும் போலீஸ் ஆகிவிடுகிறது. ஷேக்ஸ்பியரிடமோ கொன்றவனின் மனசுதான் அதை வரவழைக்கிறது.

திருப்பூரில் உட்கார்ந்து படிப்பதால்தான் எனக்கு இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. எங்க அப்பா பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை பார்த்தவர். விரல் இடுக்கில் சிவப்போ நீலமோ எப்பவும் இருக்கும். "ரெண்டு தடவ கழுவுனா போயிரும் கண்ணு" என்பார். போகாது. ஊர்ப் பட்டறைகளின் சாயத்தண்ணி நொய்யலில் இறங்கி, 1992இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழேதான் எங்க மாமா தோட்டம். கிணற்றில் உப்பு ஏறித் தென்னை காய்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் என் காலேஜ் ஃபீஸ் கட்டி முடிந்திருந்தது.

பொங்கலுக்கு வரும்போதெல்லாம் மாமா இளநீர் கொண்டுவருவார். ஒரு வருஷம் வெறுங்கையோடு வந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்பா மட்டும் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

கையைக் கழுவினால் போதும் என்று கணவனுக்குத் தைரியம் சொன்ன லேடி மேக்பெத், கடைசியில் தூக்கத்தில் நடந்துகொண்டே கை கழுவுகிறாள். நடுங்கிய மேக்பெத்தோ, ஐந்தாம் அங்கத்தில் பெண்களின் அலறலைக் கேட்டும் அசையவில்லை. பயப்படவே மறந்துபோச்சு என்கிறான். எனக்கு இந்த நாடகத்தின் உச்சம் அவன் சாவு இல்லை, இந்த இடம்தான். ஆவியைப் பார்த்துக் கத்தியவனிடம் ஒரு மனுஷன் இன்னும் மிச்சம் இருந்தான்.

அப்பா எழுந்துபோனதை அன்று கோபம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எதைப் பார்த்து எழுந்தார் என்று இதுவரை கேட்டதில்லை. நான் அன்றைக்குப் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.