ஐந்தாம் அறிக்கை காட்டும் சிற்றூர்

ஒருவர் எழுதிய நூல்கள் உண்டு. பலர் எழுதியவற்றைத் தொகுத்த நூல்களும் உண்டு. நூலென்று எண்ணி எவரும் எழுதாதவை பின்னாளில் நூலாக நிலைபெறுவதும் உண்டு. இந்த மூன்றாம் வகையைச் சார்ந்தது, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்களவைத் தெரிவுக்குழு 1812ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாளிட்டு அளித்த 'ஐந்தாம் அறிக்கை'. தமிழகத்து நிலவுடைமை பற்றி எழுதப் புகுந்தோர் பலரும் இதன் துணையை நாடியுள்ளனர். ஆயினும் இதனை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பது தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியின் உரிமைப் பட்டயம் 1793இல் இருபது ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. அந்தத் தவணை முடியும் காலம் நெருங்கியது. கும்பினியோ கடன்சுமையில் இருந்தது. அதன் நிருவாகத்தை ஆராய 1808இல் தொடங்கிய விசாரணையில் அடுத்தடுத்து வெளிவந்த அறிக்கைகளுள் ஐந்தாவது இது. ஆயிரம் பக்கங்களைக் கொண்ட இதில் எண்ணூறு பக்கங்களுக்கு மேல் இணைப்புகளே. எனவே, இதன் உயிர் அறிக்கையில் இருப்பதைவிட இணைப்பில் இருக்கிறது எனலாம்.

இணைப்புகளுள் எத்தனை வகை! கலெக்டர்கள் மேலிடத்துக்கு விடுத்த அறிக்கைகள், வரி வருமானப் பட்டியல்கள், ஜமீன்தார்களும் குடிகளும் கொடுத்த மனுக்கள், நீதி நிருவாகக் குறிப்புகள் ஆகியன ஒரே கட்டில் அடங்கியுள்ளன. நிலம் அரசுக்கே உரியது என்று வாதிட்ட ஜேம்ஸ் கிராண்டின் எழுத்தும் இருக்கிறது. ஜமீன்தார்களே உடைமையாளர் என்ற ஜான் ஷோரின் குறிப்புகளும் இருக்கின்றன. செங்கற்பட்டுச் சீமையைப் பற்றி லயனல் பிளேஸ் 1799இல் எழுதிய அறிக்கையும், இரயத்துவாரி முறைக்காகத் தாமஸ் மன்றோ வாதாடிய எழுத்துகளும் இடம்பெற்றுள்ளன. ஒன்றையொன்று மறுக்கும் குரல்களை ஒருங்கே வைத்திருப்பது இத்தொகுப்பின் முதற்சிறப்பு. முடிவை மட்டும் சொல்லாமல், முடிவுக்கு முந்திய வழக்கையும் நம்மிடம் விட்டுச் சென்றது.

இனிக் குறைகளைக் காண்போம். வங்காளத்தில் 1793இல் நிலையான நிலவரித் திட்டம் வந்தபின், வரிபாக்கிக்காக ஜமீன்கள் பல ஏலத்துக்கு வந்தன. பழைய ஜமீன்தார்கள் அடியோடு வீழ்ந்தனர் என்னும் எண்ணத்தையே இவ்வறிக்கை தருகிறது. பிற்கால ஆய்வாளரோ மூல ஆவணங்களைத் துருவி, இது மிகைப்பட்ட கூற்று எனக் காட்டினர். 1797இல் பர்துவான் அரசரின் நிலங்கள் ஏலம் போயின. வாங்கியவர் யார்? பெரும்பாலும் அவருடைய ஊழியரும் முகவருமே! நிலம் பெயரளவில் கைமாறியது, ஆதிக்கம் மாறவில்லை. கும்பினியின் குறைகளைத் தேடப் புறப்பட்ட குழு, தேடியதைச் சற்றுப் பெரிதாகவே கண்டுவிட்டது.

தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்கது, சென்னை மாகாணப் பகுதியில் வரும் ஊர் வருணனை. அரசியல் நோக்கில் ஊர் என்பது ஒரு கூட்டுரிமை மன்றத்தையோ நகரியத்தையோ ஒத்தது என்று அது வருணிக்கிறது. ஊர்த்தலைவர், கணக்கெழுதும் கர்ணம், தலையாரி, தோட்டி, எல்லை காப்போர், ஏரி வாய்க்கால் மேற்பார்வையாளர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் எனப் பட்டியல் நீள்கிறது. ஊர்ப்பிள்ளைகளுக்கு மணலில் எழுதிப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியரும் அதில் இருக்கிறார். கணக்குக் கேட்ட பாராளுமன்றத்தின் ஏட்டில் நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. அரசுகள் மாறினும் ஊர் மாறாது என்றும் அப்பகுதி கூறுகிறது. 1853இல் கார்ல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வருணனையை எடுத்தாண்டதனால், அது உலகறிந்த சித்திரமாயிற்று.

அழகிய சித்திரந்தான், ஆனால் முழுமையானதா? ஊருக்கு ஊழியம் செய்வோர் அனைவரையும் எண்ணிய பட்டியல், வயலில் இறங்கி உழைத்தவரை எண்ணவில்லை. நாற்று நட்ட கை, ஏர் பிடித்த கை, அடிமைப்பட்டுக் கிடந்த பண்ணையாள், இவர்களுக்கு அங்கே தனியிடமில்லை. அவர்கள் இல்லாமலா ஏரி நீர் நெல்லாயிற்று? காரணம் எளிது. வரி யார் கட்டுவது என்பதே விசாரணையின் வினா. வரி கட்டாதவன் அந்த வினாவின் கண்ணுக்குப் படவில்லை. கும்பினி ஆட்சியில் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது.

நமக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. பின்னர் மலாயாவின் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியோருள் பெருந்தொகையினர், அப்பட்டியலில் எண்ணப்படாத வயலுழைப்பாளரின் வழிவந்தோரே. நம் முன்னோர் ஊரைத் தேடி இவ்வறிக்கையைப் புரட்டுவோர், ஊரைக் காண்பர். முன்னோர் பலரைக் காணார்.

'மாறாத ஊர்' என்னும் கருத்தும் நிலைக்கவில்லை. நொபொரு கராஷிமா சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, காவிரிக் கீழ்ப்பகுதியில் நிலவுரிமை காலந்தோறும் மாறி வந்ததையும், பிற்காலத்தில் தனியார் உடைமை பெருகியதையும் விளக்கினார். மாறாதிருந்தது ஊரன்று, அதனைத் தொலைவிலிருந்து நோக்கியோரின் எண்ணமே.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இவ்வறிக்கைக்கெனச் சார்ல்ஸ் வில்கின்ஸ் ஒரு சொல்லகராதி தொகுத்தார். 1785இல் கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவரே. அரபு, பாரசீகம், இந்திய மொழிகள் ஆகியவற்றின் நிருவாகச் சொற்கள் அதில் விளக்கம் பெறுகின்றன. ஆனால் அலுவலகச் சொல்லைக் கொண்டே ஊரை அளந்தால் ஊரின் சொல் மங்கிவிடும். 'மீராசு' என்பதற்கு அடியில் 'காணியாட்சி' என்னும் தமிழ்ச்சொல் இருப்பதை, தமிழறிஞர் எல்லிஸ் 1818இல் வெளிவந்த மீராசு பற்றிய தம் எழுத்தில் கல்வெட்டுச் சான்றுகளுடன் ஆராய்ந்தார். ஐந்தாம் அறிக்கையைப் படிப்போர் அதனையும் அருகில் வைத்துப் படித்தல் நலம்.

அப்படியானால் இத்தொகுப்பைத் தள்ளிவிடலாமா? கூடாது. 1917-18இல் பர்மிங்கர் இதனை மூன்று தொகுதிகளாகக் கல்கத்தாவில் மீண்டும் பதிப்பித்தார். இன்றும் இதற்கு ஈடான தொகுப்புகள் சிலவே. நான் வேண்டுவது இதுதான்: அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் படித்து முடிவு கட்டாமல், இணைப்புகளைப் புரட்டுக. ஒவ்வோர் ஏட்டிலும் கேட்டவர் யார், விடை சொன்னவர் யார், கேட்கப்படாதவர் யார் என்று மூன்று வினாக்களை எழுப்புக. உயர்வகுப்பு மாணவரிடம் அந்த ஊர்ப்பட்டியலைக் கொடுத்து, விடுபட்டவரை எழுதிவரச் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.