பழம்பதிப்பின் பயன்

டெபியன் என்பது 1993-இல் தோன்றிய, யாவர்க்கும் பொதுவான மென்பொருள் தொகுதி. அதன் முதன்மைக் களஞ்சியத்தில், ஒரு பிரிவினுள் புதுப்பதிப்பு புகுந்ததும் பழையது நீங்கிவிடும். புதியதே சிறந்தது என்னும் கொள்கை எப்பொழுதும் பொருந்துமா?

2024 மார்ச்சில், சோதனைப் பிரிவிற் சேர்ந்திருந்த 'எக்ஸ்-இசட்' என்னும் சுருக்குக் கருவியின் 5.6.1 பதிப்பில் கள்ளவழி மறைந்திருந்தமை வெளிப்பட்டது. பழைய 5.4.5-க்கே திரும்பினர். ஆயினும், புதுப்பிக்கும் முறை உயர்ந்த எண்ணையே நாடுமாதலின், 5.6.1 என்னும் எண்ணோடு 'உண்மையில் 5.4.5' என ஒட்டெழுத நேர்ந்தது. இஃது அமைப்பின் குறையே.

2005 முதலான பதிப்புகளைக் காத்துவரும் 'ஸ்னாப்ஷாட்' காப்பகம் போற்றத்தக்கது. பழுதுள்ள பழம்பதிப்பு தீங்கு பயக்கும் என்பாரும் உளர், உண்மையே. அதற்கு எச்சரிக்கைக் குறிப்பு இணைத்தலே தக்கது. அழித்துவிட்டால், பழுது புகுந்த இடத்தை ஆராயவும் வழியிராது.