கோளத்தின் கீழ்ப்பாதி

ஒலி நம்மை முழுசாகச் சூழ்கிறது என்கிறார்கள். சரி, கீழ்ப்பாதி எங்கே போச்சு?

2012இல் வந்த டால்பி அட்மாஸ் தலைக்கு மேலே ஸ்பீக்கர்களை ஏற்றியது. காதுமட்டத்துக்குக் கீழே தனி அடுக்கு கிடையாது. ஜப்பானின் என்எச்கே உருவாக்கிய 22.2 முறையில் மேலே 9, நடுவில் 10, கீழே 3. அந்த மூன்றும் முன்பக்கம் மட்டும்.

தரை இருக்கிறதே என்பார்கள். 1970 ஒசாகா கண்காட்சியில் மேற்கு ஜெர்மனியின் கோள அரங்கில், ஒலி ஊடுருவும் தளத்தின்மீதுதான் ஆட்களை உட்காரவைத்தார்கள். காலடியிலிருந்தும் இசை வந்தது. ஆக, தரை ஒரு சாக்கு. ஆனால் அங்கே ஒலியைச் சுழற்றும் அதிகாரம் கட்டுப்பாட்டு மேசையில், ஸ்டாக்ஹவுஸன் போன்ற ஒருவர் கையில் இருந்தது.

மைக்கேல் கெர்ஸன் 1973இல் முன்வைத்த 'பெரிஃபொனி' இதைத் தளர்த்தியது. எளிய வடிவில் நான்கு தடங்களில் திசைகள் பதிவாகும்; ஸ்பீக்கர்களை அவரவர் அறைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். எட்டு மூலைக்கு எட்டு என்றால் மேலும் கீழும் சமம். என்றாலும் நடுவில் உட்கார்ந்த தலைக்குத்தான் ஒலி ஒழுங்காக அமையும். தடங்களை 16 ஆக்கினால் அந்த இடம் விரியும்; மையம் ஒழியாது.

எனவே ஸ்பீக்கர் வரைபடம் எதைப் பார்த்தாலும் நாம் கேட்கவேண்டியவை இரண்டு: கீழே என்ன இருக்கு? நடுவிலே யார் உட்கார்ந்திருக்கார்?