டிக் டிக் சொல்லும் சேதி

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டரைப் புதிதாக வாங்கியவர், எஞ்சினை முடுக்குமுன் இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டுக் காது கொடுக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கும். எஸ்யூ மின்சாரப் பெட்ரோல் பம்பு அது.

எனக்கு மிகவும் பிடித்த சத்தம். கார்புரேட்டர்கள் இரண்டும் நிரம்பியதும் தானே ஓய்ந்துவிடும். ஓயாமல் படபடத்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. எஞ்சின் ஓடாதபோதும் விட்டுவிட்டு அடித்தால், கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். பெட்ரோல் வாடையும் சாட்சி சொல்லும். சத்தமே இல்லையா? பம்புக்குள் பாயின்ட் கருகியிருக்கலாம். பழைய ஆட்கள் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டுவார்கள், பல நேரம் ஓடிவிடும். வீடு போய்ச் சேர அது போதும், வைத்தியமாகாது.

விளக்கு மங்கினால் உடனே மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவது இந்த வண்டிக்காரர்களின் பரம்பரை வழக்கம். பாதிப் பழி அநியாயம். பெரும்பாலும் எர்த் இணைப்பில் துரு ஏறியிருக்கும். சுரண்டி இறுக்கினால் வெளிச்சம் வந்துவிடும். 1967 வரையான வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அது தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகைதான் வரும்.

உடல் தகட்டில் ஏறும் துரு வேறு விஷயம். கூரையில்லாத காரின் பலமே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில்தான். ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால், அடுத்து பார்க்க வேண்டியவர் வெல்டர்.