எச்சில் குழாயில் ஒரு சோமாலி

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, அழுது, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு எழுப்புகிற ஒரு பிரதிக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதக் காணோம். எச்சிலைக் குழாயில் துப்பித் தபாலில் அனுப்பினால் திரும்பி வரும் டி.என்.ஏ 'மூதாதையர் அறிக்கை'யைத்தான் சொல்கிறேன். இதுவும் ஒரு கதை சொல்லும் வடிவம்தானே? ஒரு வண்ண வட்டம், வர்ணம் பூசிய உலகப்படம், தசமப்புள்ளி வைத்த சதவீதங்கள், கடைசியில் 'உங்கள் உறவினர்கள்' என்று முன்பின் தெரியாத நானூறு பேர்.

இதன் நடையில் முதலில் கண்ணில் படுவது, தயக்கமே இல்லாத குரல். நம்ம வீட்டுப் பாட்டிமார் குலக்கதை சொல்லும்போது ஒரு சின்ன விகுதி கூடவே வரும்: "வடக்கேருந்து வந்தாங்களாம்", "ஏழு அண்ணன் தம்பியாம்". அந்த 'ஆம்' ரொம்ப நேர்மையான விகுதி. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், நம்புவது உன் பாடு என்று மூன்று சேதியை ஓரெழுத்தும் ஒரு மெய்யும் சொல்லிவிடும். அறிக்கையில் 'ஆம்' கிடையாது. 'நீங்கள் 0.4% சோமாலி.' அவ்வளவுதான், முற்றுப்புள்ளி.

இந்த வாக்கியம் நான் கற்பனையாகச் சொல்வதல்ல. டொராண்டோவில் இருக்கும் என் பெரியம்மா பேத்தியின் அறிக்கையில் வந்தது. எங்கள் பூர்வீகம் கம்மாபுரம் பக்கம். 'தென்னிந்தியாவும் இலங்கையும்' என்ற தலைப்பின் கீழ் தொண்ணூற்றைந்துக்கு மேல், மிச்சம் அங்கே இங்கே, அதற்கடியில் இந்த 0.4. நெய்வேலியில் இருக்கும் சித்தப்பா ரெண்டே நாளில் கதையை முடித்துவிட்டார். 0.4% என்றால் 256-ல் ஒரு பங்கு. அதாவது எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒரே ஒரு முன்னோர். தலைமுறைக்கு முப்பது வருஷம் போட்டால் 240 வருஷம், 1780-களில் போய் நிற்கும். 1781-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை. விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாகப் போகிற ரோடு நேராகப் பரங்கிப்பேட்டையில்தான் முடிகிறது. "பாத்தியாப்பா, நம்ம ரத்தத்துல கப்பல் ஓடுது" என்றார். கணக்கு சரி, வருஷம் சரி, ரோடும் சரி. ஆனால் அந்த 0.4 எப்படி வந்தது என்பதை அவரும் கேட்கவில்லை, அறிக்கையும் சொல்லவில்லை.

எப்படி வருகிறது? மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். இந்த வீட்டுச் சோதனைகள் அதில் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படிக்கும். படித்ததைத் துண்டு துண்டாக்கி, தங்களிடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளில் எது கிட்டத்தில் இருக்கிறது என்று கணினி ஊகிக்கும். ஒப்பீட்டு மாதிரி என்பது இன்று உயிரோடு இருப்பவர்களின் எச்சில். ஆகவே, 'சோமாலி' என்றால் 'உங்கள் முன்னோர் சோமாலியாவிலிருந்து வந்தார்' என்று பொருளில்லை. 'இந்தச் சின்னத் துண்டு, எங்கள் பெட்டியில் சோமாலி என்று பேர் ஒட்டியவர்களின் துண்டைப் போல் இருக்கிறது' என்றுதான் பொருள். 'போல்' என்ற சொல்லை வடிவமைப்பாளர் அழித்துவிட்டார்.

இதே தப்பைக் கிரேக்கர்களும் செய்தார்கள். இலவங்கப்பட்டை சோமாலியக் கரையில் விளைகிறது என்று நம்பி, அந்தப் பகுதிக்கே இலவங்கநாடு என்று பேர் வைத்தார்கள். முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' அந்தக் கரையின் துறைமுகங்களை வரிசையாகச் சொல்லி, இந்தியாவிலிருந்து அங்கே அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணியெல்லாம் கப்பலில் போனதையும் எழுதுகிறது. பட்டை விளைந்தது கிழக்கே, விற்றது அங்கே. கடை இருந்த இடத்தைக் காடு இருந்த இடமாக நினைத்துவிட்டார்கள். அறிக்கையும் ஆட்கள் இன்று நிற்கும் இடத்தை, அவர்கள் முளைத்த இடம் என்று காட்டுகிறது.

இந்த 0.4-ஐச் சோதிக்க வழி உண்டு. சில நிறுவனங்களின் தளத்தில் நம்பக அளவை மாற்றும் வசதி இருக்கிறது. பாதிக்குப் பாதி நிச்சயம் இருந்தாலே போதும் என்று வைத்தால் நிறைய நாடுகள் வரும். 90 சதவீதம் வேண்டும் என்று ஏற்றினால் பல நாடுகள் காணாமல் போகும். பேத்தியை ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். சோமாலி போய்விட்டது. ரெண்டாவது, எட்டுத் தலைமுறைக்கு முன் நிஜமாகவே ஒருவர் இருந்திருந்தால் அவருடைய பங்கு ஒன்றிரண்டு நீளமான துண்டுகளாகத்தான் வந்திருக்கும். இங்கே பொடிப்பொடியாக நாலைந்து குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தது. மூன்றாவதுதான் முக்கியம். மகளிடம் இருப்பது அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தாக வேண்டும். ரெண்டு பேரும் துப்பியிருக்கிறார்கள், ரெண்டு பேருக்கும் பூஜ்யம். ஆப்பிரிக்கக் கொம்பு மக்களின் மரபில் ஒரு பங்கு ஆசியாவிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திரும்பிப் போனவர்களுடையது. நம்மிடமும் மேற்காசியத் தொடர்புள்ள பழைய பங்கு உண்டு. சின்னத் துண்டில் கணினி குழம்புவதற்கு இடம் இருக்கிறது. சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா?" என்றார்.

ஆப்பிரிக்க மரபு இந்தியாவில் இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்தி மக்கள் அதற்குச் சாட்சி. அவர்களுக்கு இன்னொரு பெயர் ஹப்ஷி. அபிசீனியாவைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பேரை மட்டும் வைத்துப் பார்த்தால் எத்தியோப்பியா, சோமாலியா பக்கம் என்றுதான் தோன்றும். 2011-ல் வெளியான மரபணு ஆய்வு வேறு மாதிரி சொன்னது: அவர்களின் ஆப்பிரிக்கப் பங்கு பெரும்பாலும் பாந்து மொழி பேசும் மக்களுடையது, இந்தியர்களோடு கலந்தது சுமார் எட்டுத் தலைமுறைக்குள். நிஜமான ஆப்பிரிக்க மரபு இருக்கும் இடத்தில் அது 0.4 என்று மூலையில் ஒளிந்துகொள்வதில்லை.

இனி சோமாலியர் பக்கம். பேத்தியின் வகுப்புத் தோழி ஒருத்தி சோமாலி. அவளும் துப்பினாளாம், கிட்டத்தட்ட முழுக்க சோமாலி என்றே வந்ததாம். 'இதுக்கா இவ்வளவு டாலர்' என்று சிரித்தவள், தன் பேர், அப்பா பேர், அப்பாவின் அப்பா பேர் என்று இருபது பேரை மூச்சுவிடாமல் சொன்னாளாம். இதற்கு சோமாலியில் அப்திர்சி என்று பேர், முன்னோரை எண்ணுதல். குழந்தைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். 1961-ல் வெளியான 'எ பாஸ்டோரல் டெமாக்ரசி' நூலில் ஐ.எம். லூயிஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார்: மேய்ச்சல் நிலம், தண்ணீர், பழிக்கு ஈடு எல்லாமே இந்தப் பேர்ப் பட்டியலை வைத்துத்தான் தீர்மானமாகும்.

அப்திர்சியும் ஆண்வழி, ஒய் குரோமோசோமும் ஆண்வழி. வாய்மொழியும் டி.என்.ஏவும் ஒரே கோட்டைப் பற்றிப் பேசுகிற அபூர்வமான இடம் இது. பல பெரிய சோமாலிக் குலங்கள் தங்கள் முதல்வர் அரேபியாவிலிருந்து வந்த ஷேக் என்று சொல்லும். 2005-ல் டென்மார்க்கில் 201 சோமாலி ஆண்களிடம் செய்த ஆய்வில் சுமார் 78 சதவீதம் பேர் 'இ' கிளையின் ஒரு கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிவு, 10 சதவீதம் போல 'டி' கிளை. அரேபியாவில் நிறைந்திருக்கும் 'ஜே' கிளை சொற்பம். அப்படியென்றால் ஷேக் கதை பொய்யா? ரத்தக் கணக்காகப் பார்த்தால் பெரும்பாலும் நிற்காது. ஆனால் அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியை வைத்துத்தான் இன்றும் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று தெரிகிறது. நெருப்பில் பிறந்தோம், சூரியனில் பிறந்தோம் என்று நம் ஜாதிப் புராணங்கள் சொல்வதை டி.என்.ஏவால் அடித்துவிடலாம், அந்தப் புராணம் ஊருக்குள் யாரை மேலே வைத்தது, யாரைக் கீழே வைத்தது என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வகைப் பிரதியின் ஆதிநூல் 'தி ஜர்னி ஆஃப் மேன்'. ஸ்பென்சர் வெல்ஸ் 2002-ல் எழுதிய புத்தகம், அதோடு வந்த ஆவணப்படம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனின் குழு சேகரித்த ரத்த மாதிரிகளில், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் ஊர் இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற அடையாளம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அதே அடையாளம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து போனவர்களின் தடம் இது என்பது வெல்ஸின் வாதம். வாதம் மோசமில்லை. படம்தான் பிரச்சினை. ஒரே ஒரு மனிதரின் முகத்தில் காமிராவை நிறுத்தி, 50,000 வருஷத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டது. அப்புறம் என்ன, 'உலகின் முதல் மனிதன் தமிழன்' என்று வாட்ஸப் பார்வர்டுகள் இன்றுவரை நின்றபாடில்லை.

எம்130 மங்கோலியரிடமும் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கிளை, மங்கோலியக் கிளை, நம் கிளை மூன்றும் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. யாரும் யாருக்கும் தாத்தா இல்லை. உசிலம்பட்டிக்காரரின் ஆண்வழி எவ்வளவு பழசோ, அதே அளவுதான் உங்களுடையதும் அந்த சோமாலித் தோழியின் அண்ணனுடையதும். தவிர, பத்துத் தலைமுறை மேலே போனால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசும். மீதி 1,023 பேர், அதில் எல்லாப் பெண்களும் அடக்கம், படத்துக்கு வெளியே.

நம் ஆட்களுக்கு அறிக்கையில் மிக மோசமான அத்தியாயம் 'உறவினர் பட்டியல்'தான். பொதுவாக உள்ள டி.என்.ஏவின் நீளத்தை அளந்து 'மூன்றாம் கஸின்', 'நாலாம் கஸின்' என்று பேர் போடும். இந்தக் கணக்கு அன்னியத்தில் கல்யாணம் செய்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வந்த குடும்பத்தில் எல்லாரும் எல்லாருக்கும் நெருக்கமாகத் தெரிவார்கள். ஏழாம் சுற்றுச் சொந்தம் மூன்றாம் சுற்றாக வந்து நிற்கும். அதோடு 'கஸின்' என்ற சொல்லே நமக்கு ஆகாது. பங்காளியா, மாமன் மச்சானா என்பதல்லவா கேள்வி? ஒருவர் சாவுக்குத் தீட்டு காக்க வேண்டியவர், மற்றவர் பெண் கொடுக்கக்கூடியவர். கம்பெனி ரெண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டது.

இதே நெருக்கத்தைத்தான் ஒழுங்காகப் படித்தால் உருப்படியான சேதி வரும். 2017-ல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்து, 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை என்று கண்டது, ஹைதராபாத் சி.சி.எம்.பியின் தங்கராஜ் அதில் முக்கியமானவர். அதன் விளைவு ஆஸ்பத்திரியில் தெரியும். ஆந்திர வைசியர்களில் ஒரு நொதிக் குறைபாடு அதிகம்; அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று மயக்க மருத்துவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் துப்பித் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது என்றால், அது இந்த மாதிரி விஷயம். வண்ண வட்டத்தில் இதற்கு இடமில்லை.

எச்சில் யாருடையது என்பதும் சாதாரணக் கேள்வியில்லை. 2023-ல் 23 அண்ட் மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடு போனது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டு, சேர்த்த தகவலோடு ஏலத்துக்கு வந்தது. பேத்தி துப்பினால் அவள் மட்டும் துப்பியதாகாது. கம்மாபுரத்தில் இருக்கும் பாட்டியில் கால்பங்கும் அந்தக் குழாயில் போகிறது. பாட்டியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

பேத்தி ஏன் துப்பினாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சோமாலியர் 'யாருடைய வழி?' என்று கேட்பார்களாம். நாம் 'எந்த ஊரு?' என்று கேட்போம், அடுத்து 'அங்க எந்தத் தெரு?' என்று கேட்டு ஜாதியைத் தெரிந்துகொள்வோம். நிலக்கரி நிறுவனம் 1956-ல் வந்த பிறகு இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கேள்விக்கே பதில் இல்லாமல் போனது. வீடும் களமும் சாமியும் இருந்த இடத்தில் சுரங்கப் பள்ளம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லில் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது பழைய கதையின் அடுத்த அத்தியாயம். டொராண்டோவில் பிறந்த பெண்ணுக்கு ஊரைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது? உலகப்படத்தில் ஒரு நிறத்தையாவது காட்டுகிறானே என்றுதான் துப்பியிருக்கிறாள். அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. அந்த நிறம் சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து மூடியிருக்கிறது, அவ்வளவுதான் வருத்தம்.

பாட்டியிடம் பேசி நாற்பது நிமிஷம் போனில் பதிவு செய்திருக்கிறேன். பள்ளத்துக்குப் போன கிராமத்தின் ஓடை, களத்துமேடு, ஐயனார் இருந்த தோப்பு, பக்கத்துக் கொல்லைக்காரர்கள் என்று பதினாலு பேர் சொல்கிறார், எல்லாம் 'ஆம்' விகுதியோடு. அதில் எட்டுப் பேர் கையெடுப்புக்கு முந்தைய பழைய பட்டாக்களில் கிடைத்துவிட்டன. மிச்சம் ஆறையும் 'அ' பதிவேட்டில் தேட வேண்டும். தாலுகா ஆபீசில் பழைய கட்டுகளைப் பார்க்க மனு கொடுத்திருக்கிறேன். கிடைத்ததும் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.