பனியும் மேற்பூச்சும்

பீட்டர் ப்ரூகெல் 1565-ல் வரைந்த 'பனியில் வேடர்கள்' நம்மில் பலருக்கு வாழ்த்து அட்டை வழியாகத்தான் அறிமுகம். 'அமைதியான பனிக்காட்சி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அச்சுப் பிரதிகளில் மட்டுமே பார்த்தவன். என்றாலும் அந்த 'அமைதி' என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூன்று வேடர்கள், சோர்ந்த நாய்கள். கிடைத்தது ஒரே ஒரு நரி. சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறது. தூரத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கி பற்றி எரிகிறது. உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுபவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1564-65-ன் குளிர் ஐரோப்பாவை வாட்டிய குளிர். ப்ரூகெலின் பனி அலங்காரம் அல்ல, பசியின் பருவம்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வரையப்பட்டது 'குழந்தைகளின் படுகொலை'. ஏரோதின் ஆணையால் பெத்லகேமில் நிகழ்ந்ததாக மத்தேயு சொல்லும் சம்பவத்தை, ஸ்பானிய ஆட்சியிலிருந்த ஃப்ளெமிஷ் கிராமம் ஒன்றின் பனிக்குள் கொண்டுவந்து வைத்தான் ப்ரூகெல். பின்னால் படம் சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்ஃபின் கைக்குப் போயிற்று. குழந்தைகள் இருந்த இடங்களில் பறவைகளும் மூட்டைகளும் தின்பண்டங்களும் தீட்டப்பட்டன. படுகொலை வெறும் கொள்ளையாயிற்று. மறைக்கப்பட்டது என்ன என்பதை அவன் மகன் செய்த பிரதிகள் காட்டிக்கொடுக்கின்றன.

பிரதிகள் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும் என்பதே என் கட்சி. மூட்டைக்காக எந்தத் தாயும் அப்படி உடைந்துபோக மாட்டாள். பொருளை மாற்றியவர்களால் உடல்களின் துயரத்தை மாற்ற முடியவில்லை. உருவம் என்று நாம் சொல்வது இதைத்தான். உள்ளடக்கத்தை அழித்த பிறகும் சாட்சி சொல்ல மிஞ்சுவது.

நான் வேலை பார்க்கும் வங்கியில், வவுச்சரில் ஓர் எண்ணைத் திருத்தினால் பழைய எண் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அரசர்களுக்கு அந்த விதி இல்லை. ரசிகர்களுக்கும் இல்லை போலிருக்கிறது. 'அழகான பனிக்காட்சி' என்னும்போது எரியும் புகைபோக்கியின் மேலும் ஒற்றை நரியின் மேலும் நாமும் கையெழுத்தில்லாமல் வெள்ளை பூசுகிறோம்.

ருடால்ஃபுக்காவது எதை மறைக்கிறோம் என்று தெரிந்திருந்தது.